முழு ட்யூபையும் பாரு

அண்ணி: இன்னைக்கும் சொல்லாம விட்டீங்கன்னா, நாளைக்கு நானே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிடுவேன். ஆமா.

அண்ணன்: சொல்றேன்னுதானே சொல்றேன்...

அண்ணி: போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. உங்க தங்கச்சி வந்தா, உட்கார்ந்தா, ரெண்டு பேரும் பழங்கதை பேசிப் பேசிச் சிரிச்சீங்க, நர்ஸ் வந்து சத்தம் போட்டாங்க, அவ கிளம்பிட்டா. சொல்ல வேண்டியதை மட்டும் தொண்டையிலேயே வெச்சிக்கிட்டீங்க.

அண்ணன்: நேரம் வரலை.

அண்ணி: டாக்டர் என்ன சொன்னாரு? நானும்தானே பக்கத்துல நின்னேன். "வயித்துக்குள்ள மூணு இடத்துல வந்திருக்கு. மூணும் தனித்தனியா வந்த கேன்சர். ஒரே ஆளுக்கு இப்படி வந்தா அது குடும்பத்துல ஓடுறதா இருக்கலாம். கூடப் பொறந்தவங்க சீக்கிரம் பார்த்துக்கணும்." உங்க கூடப் பொறந்தது யாரு? அவ ஒருத்திதானே?

அண்ணன்: தெரியும்டி.

அண்ணி: தெரிஞ்சா அப்புறம் எதுக்கு மென்னு முழுங்கறீங்க?

அண்ணன்: அவளுக்கு அப்பான்னா உசிரு. அம்மா முகமே அவளுக்கு ஞாபகம் இல்ல. எல்லாம் அவர்தான். அவர் போனப்ப அவ பாவாடை கட்டத் தெரியாத பொண்ணு. அவகிட்ட அவரைப் பத்தி நல்லது மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதுல போய்... "இது அப்பா வழியா வந்தது, உனக்கும் இருக்கலாம்"னு எந்த வாயால சொல்றது?

அண்ணி: இருந்து, அவளுக்குத் தெரியாமலே போச்சுன்னா?

அண்ணன்: மிரட்டாதடி.

அண்ணி: சும்மா மிரட்டலைங்க. உங்களுக்கே முன்னாடி பார்த்திருந்தா ஒண்ணோட முடிஞ்சிருக்கும். அப்புறம், டாக்டர் கேட்ட விவரமும் கேட்டு வையுங்க. உங்க அத்தை எதுல போனாங்க, சித்தப்பா எதுல போனாரு... உங்களைக் கேட்டா முழிக்கிறீங்க. அவதானே அத்தை வீட்டுல வளர்ந்தவ.

அண்ணன்: மெதுவாக் கேக்கறேன். பேச்சோட பேச்சா.

அண்ணி: பேச்சோட பேச்சா கேளுங்க. ஆனா கேட்டுட்டு சொல்லுங்க. இந்த வாரக் கடைசியில உங்களுக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி... உஷ், வரா.

தங்கை: என்ன, புருஷனும் பொண்டாட்டியும் குசுகுசுன்னு? நான் உள்ள வந்ததும் ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்க்கறீங்க?

அண்ணி: வாம்மா. உன்னைப் பத்திதான் பேசிட்டிருந்தோம். பழம் நறுக்கி மூடி வெச்சிருக்கேன். ரொட்டியும் இருக்கு. ரெண்டையும் சாப்பிடு, இவர் தொட்டுக்கூடப் பார்க்கலை. நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடறேன். இவரு உன்கிட்ட ஏதோ பேசணுமாம்.

அண்ணன்: ஏய்...

அண்ணி: நான் ஒண்ணும் சொல்லலைப்பா. கிளம்பறேன்.

தங்கை: அண்ணி முகமே சரியில்லையே. சண்டையா?

அண்ணன்: அவளுக்கு நான் ஆஸ்பத்திரியில படுத்தா சண்டை, வீட்டுல படுத்தா சண்டை. உட்காரு வாலு. அது என்ன கையில, இவ்வளவு பெரிய பாட்டில்? பாலைவனத்துக்கா கிளம்பிட்ட?

தங்கை: வெயிலு. தண்ணி நிறையக் குடிக்கணும்.

அண்ணன்: குடி, குடி. என்ன மூஞ்சி அப்படிப் போகுது? தண்ணி குடிக்கிறவ மாதிரியா இருக்கு?

தங்கை: எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு.

அண்ணன்: உனக்குச் சமையல்தான் வரலைன்னு நினைச்சேன். தண்ணி கலக்கக்கூட வரலையா?

தங்கை: படுத்துக்கிட்டே இவ்வளவு வாய் பேசுறியே, எழுந்து உட்கார்ந்தா என்ன பேசுவ? சரி, எப்படி இருக்கு? வலி?

அண்ணன்: அது பாட்டுக்கு இருக்கு. இங்க வா, இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாரு. கீழ சைக்கிள் ஸ்டாண்டு தெரியுதா? அந்த ஓரத்துல ஒரு சிவப்பு சைக்கிள். ரெண்டு நாளா அப்படியே நிக்குது. பின் சக்கரத்துல காத்தே இல்ல. எனக்குக் கை பரபரங்குது.

தங்கை: இறங்கிப் போய்க் கழட்டிடுவ நீ. சட்டை கிழிஞ்சாலும் பரவாயில்ல, பஞ்சரோட ஒரு வண்டி நிக்கக் கூடாது உனக்கு. அப்படியே அப்பா.

அண்ணன்: அப்பாவோட சைக்கிள் கடைத் தண்ணித் தொட்டி ஞாபகம் இருக்கா?

தங்கை: இல்லாம? எண்ணெய் மிதக்கும், அடியில துரு. அதுக்குள்ள அப்பா ட்யூபை அமுக்கிப் பிடிச்சு உருட்டுவாரு. குமிழி வந்தா நான் கத்தணும். குமிழிக்கு ஒரு பெப்பர்மிண்ட். அது எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல இருந்த ஒப்பந்தம். நீ வெறும் உப்புத்தாள் தேய்க்கிற ஆள். உனக்கு அதுல பங்கே கிடையாது.

அண்ணன்: ஓட்டை தெரிஞ்சதும் நான் ட்யூபை வெளிய எடுக்கப் போனா, கையில ஒரு அடி. "ஒண்ணு கிடைச்சதும் நிறுத்துனா எப்படிடா? முழு ட்யூபையும் பாரு." வால்வுல ஆரம்பிச்சு திரும்ப வால்வு வரைக்கும் வரணும் அவருக்கு.

தங்கை: ம்... இரு, வந்துடறேன்.

அண்ணன்: எங்க?

தங்கை: பாத்ரூம்.

அண்ணன்: இப்பதானே வந்த?

தங்கை: பாட்டிலைப் பார்த்தே இல்ல? உள்ள போனா வெளிய வராதா? நீ பேசு, கேக்கும்.

அண்ணன்: கதவை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவகிட்ட என்னத்தைப் பேசுறது... ஏய், கேக்குதா? இந்த டாக்டரும் நம்ம அப்பா மாதிரியே. முதல்ல இரைப்பையில ஒண்ணைப் பார்த்தாரு. அதோட நிறுத்தியிருக்கலாம்ல? நிறுத்தலை. கொஞ்சம் கீழ போனாரு, சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்துல இன்னொண்ணு. மறுநாள் கீழ இருந்து குழாய் விட்டாரு, பெருங்குடல்ல மூணாவது. வால்வுல ஆரம்பிச்சு வால்வு வரைக்கும்.

தங்கை: வந்துட்டேன். மூணும் ஒண்ணுலேர்ந்து ஒண்ணு பரவினது இல்லையே?

அண்ணன்: இல்லையாம். ஒவ்வொண்ணும் தனியா முளைச்சதாம். மூணும் மூணு வகை. பரவினதா இருந்தா கஷ்டம், தனித்தனியா இருக்கிறதால வெட்டி எடுத்துடலாங்கிறாரு. மூணு கேன்சர் இருக்கிறவன்கிட்ட "நல்லவேளை"ன்னு சொன்ன ஒரே ஆள் இந்த டாக்டர்தான்.

தங்கை: எடுத்துடுவாங்க. நீ அப்பா போட்ட ஒட்டு மாதிரி, கிழிச்சாலும் வரமாட்ட.

அண்ணன்: ரொட்டி எடுத்துக்கோ.

தங்கை: வேண்டாம்.

அண்ணன்: பழமாவது சாப்பிடு. அண்ணி விதையெல்லாம் எடுத்து வெச்சிருக்கா.

தங்கை: பசிக்கலை அண்ணா. நீ சாப்பிடு.

அண்ணன்: எனக்கு இறங்கலை. உனக்காகத்தான் வெச்சிருக்கேன். பெரிய துண்டு பாரு, உனக்கு.

தங்கை: ...

அண்ணன்: என்ன அப்படிப் பார்க்கிற?

தங்கை: ஒண்ணுமில்ல. அந்தத் தபால்காரர் ஞாபகம் இருக்கா? பச்சை சைக்கிள்.

அண்ணன்: யாரு, மீசைக்காரரா? அவர் வண்டிக்கு வாரம் தவறாம பஞ்சர் ஆகும். பாவம், "இந்தத் தெருவுல என்னய்யா முள்ளையே விதைச்சிருக்கீங்க"ன்னு புலம்புவாரு. நான் போய் அவர் வர்ற வழியெல்லாம் குனிஞ்சு தேடிட்டு வருவேன். ஒரு முள்ளு கிடைக்காது.

தங்கை: எப்படிக் கிடைக்கும்? அது அத்தையோட தையல் ஊசி.

அண்ணன்: என்னது?

தங்கை: அவர் வண்டியை நிறுத்திட்டுக் கடையில தண்ணி குடிப்பாருல்ல? அப்பத்தான். ஒரு குத்து குத்தினா ஒரு பெப்பர்மிண்ட். நல்ல நாள்ல மூணு குத்துவேன்.

அண்ணன்: அடிப்பாவி. இத்தனை வருஷம் கழிச்சு... நான் அவர்கிட்ட எவ்வளவு ஏச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? "உன் பையன் ஒட்டுன ஒட்டுதான்யா கோளாறு"ன்னு அப்பாகிட்டயே சொன்னாரு மனுஷன்.

தங்கை: அப்பாவுக்குத் தெரியும்.

அண்ணன்: தெரிஞ்சா உன்னை விட்டிருப்பாரா?

தங்கை: விட்டாரே. ஒருநாள் நான் குனிஞ்சு குத்திட்டு நிமிர்ந்து பார்க்கறேன், அப்பா ஸ்பேனரோட நிக்கிறாரு. ட்யூபைக் கழட்டித் தொட்டியில போட்டு, "எங்க குமிழி, கண்டுபிடி"ன்னாரு. நான் குத்தின இடத்தைக் காட்டினேன். பெப்பர்மிண்டைக் கொடுத்துட்டாரு. அன்னையிலேர்ந்து தபால்காரர்கிட்ட கூலி வாங்கலை. நானும் அன்னையோட குத்துறதை விட்டுட்டேன்.

அண்ணன்: அதுதான் அவருக்கு மட்டும் ஓசி பஞ்சரா... நான் என்னமோ அவர் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம்னு நினைச்சிட்டிருந்தேன்.

தங்கை: ஹஹ... ஐயோ, சிரிக்க வைக்காத. இரு, வந்துடறேன்.

அண்ணன்: மறுபடியுமா? உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?

தங்கை: பேசிட்டே இரு.

அண்ணன்: வாலு... கேக்குதா? அப்பா கடைசியில எப்படி இருந்தாரு, உனக்கு ஞாபகம் இருக்கா? நான்தான் பகலெல்லாம் பட்டறையில லேத்துக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தேனே. நீதான் கூடவே இருந்த.

தங்கை: வந்துட்டேன். கடைசியிலன்னா?

அண்ணன்: படுக்கிறதுக்கு முன்னாடி.

தங்கை: ராத்திரி கடை சாத்தினதும் ரொட்டி வாங்குவாரு. ரெண்டாப் பிச்சு, பெரிய துண்டு எனக்கு. அப்புறம் சின்னத் துண்டையும் எனக்கே கொடுத்துடுவாரு. "நீங்க?"ன்னா, "நான் வெளியிலேயே சாப்பிட்டேன்டா"ம்பாரு. ஊர்ல எந்த அப்பனும் அப்படிக் கொடுத்திருக்க மாட்டான்னு பள்ளிக்கூடத்துல பெருமை அடிப்பேன்.

அண்ணன்: ம்...

தங்கை: இடுப்புல பெல்ட் நிக்காது. புதுசா ஓட்டை போடுவாரு. அதுக்கும் டயர்லேர்ந்து பிடுங்கின ஏதாவது ஒரு ஆணிதான். "அப்பா ஸ்டைலா ஆயிட்டாரு"ன்னு நான் கைதட்டுவேன்.

அண்ணன்: அவருக்கு... சாப்பாடு இறங்கலைம்மா. அதான் கொடுத்திருக்காரு.

தங்கை: சொல்லு.

அண்ணன்: என்னத்தைச் சொல்ல? அதான். சரி, விடு. அத்தை... அத்தைக்கு என்ன ஆச்சு?

தங்கை: எந்த அத்தைக்கு?

அண்ணன்: நமக்கு எத்தனை அத்தை? உன்னை வளர்த்த அத்தைதான். எதுல போனாங்க?

தங்கை: இதெல்லாம் ஆம்பளை நீ எதுக்குக் கேக்கிற?

அண்ணன்: சும்மாதான்... ஒரு இதுக்கு.

தங்கை: சும்மா கேக்கிறவன் காது ஏன் இப்படிச் சிவக்குது? சரி கேளு. எல்லாம் நின்னு பல வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் போக ஆரம்பிச்சுது. யார்கிட்டயும் சொல்லலை, வெட்கம். சேலையைத் தானே தனியாத் துவைச்சுக் காயப்போடுவாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப கர்ப்பப்பையில கட்டி முத்திப்போச்சு. எங்களுக்கு என்ன சொன்னாங்க? "வயித்துக்கு ஒத்துக்கலை."

அண்ணன்: சித்தப்பாவுக்கு?

தங்கை: அவருக்கு "மூலம்". ஊருக்கே அப்படித்தான் சொன்னாரு. உட்காரவே முடியாத அளவுக்குப் போனப்புறம் பார்த்தா பெருங்குடல்ல கேன்சர். உன்னைவிடச் சின்ன வயசுல போனாரு. அப்பாவும் அப்படித்தான். நம்ம வீட்டுல யாருமே நோய் வந்து சாகலை அண்ணா. எல்லாரும் "வயித்துக்கு ஒத்துக்கலை"யிலதான் செத்தாங்க.

அண்ணன்: என்ன இது, பரீட்சைக்குப் படிச்சு ஒப்பிக்கிற மாதிரி டக்டக்குனு சொல்ற?

தங்கை: பக்கத்துல இருந்தவ நான்தானே. ஏன், அடுத்தது யாரு? பெரிய தாத்தாவா? அவரையும் கேளு.

அண்ணன்: கிண்டல் பண்ணாத.

தங்கை: நீதான் சுத்திச் சுத்தி வர. அண்ணி போறப்பவே சொன்னாங்க, ஏதோ பேசணுமாம். பேசு.

அண்ணன்: நீ நாளைக்கு வருவியா? நாளைக்குப் பேசலாம்.

தங்கை: நாளைக்கு லீவு போட்டிருக்கேன்.

அண்ணன்: உன் முதலாளி லீவு கொடுத்தானா? அவன் சொந்த மகள் கல்யாணத்துக்கே உங்களுக்கெல்லாம் அரை நாள்தானே கொடுத்தான், அந்தக் கருமி.

தங்கை: கொடுத்துட்டான். பேச்சை மாத்தாத. இன்னொரு வாய் குடிச்சிக்கிறேன்... ம்ஹும்... சரி, சொல்லு.

அண்ணன்: கோவிச்சுக்கக் கூடாது.

தங்கை: மாட்டேன்.

அண்ணன்: அழக் கூடாது.

தங்கை: அண்ணா.

அண்ணன்: நீயும் போய்ப் பார்த்துக்கணும் வாலு.

தங்கை: எதை?

அண்ணன்: உள்ள. வயிறு, குடல், எல்லாத்தையும். டாக்டர் அன்னையிலேர்ந்து தினமும் கேக்கிறாரு, "தங்கச்சிகிட்ட சொன்னீங்களா, சொன்னீங்களா"ன்னு. நான்தான் சொல்லாம... இது ரத்தத்துல வர்றதாம். அப்பா வழி. அப்பா, அத்தை, சித்தப்பா, இப்ப நான். உனக்கு வந்திருக்குன்னு சொல்லலை. பாதிக்குப் பாதி, வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். ஆனா இப்பவே பார்த்தா, கடுகளவு இருக்கிறப்பவே கிள்ளி எடுத்துடலாமாம். நான் பார்க்காம விட்டுட்டேன். நீ விடக் கூடாது.

தங்கை: ம்.

அண்ணன்: அப்பாவைத் தப்பா நினைக்காத. அவருக்கே தெரியாது. தெரிஞ்சு எவனாவது புள்ளைங்களுக்கு இதைக் கொடுப்பானா...

தங்கை: ம்.

அண்ணன்: என்ன "ம்", "ம்"? ஏதாவது சொல்லு. பயப்படாத. குழாய் விட்டுப் பார்க்கிறது வலிக்கவே வலிக்காது, மயக்கம் கொடுத்துடுவாங்க. எனக்கு எழுந்தப்புறம்தான் பார்த்தாச்சுன்னே தெரியும். முதல் நாள்தான் கொடுமை. ஒண்ணும் சாப்பிடக் கூடாது, பச்சைத் தண்ணிதான். ஒரு பொடி தருவாங்க. அதைப் பெரிய பாட்டில் நிறையத் தண்ணியில கலக்கி, வாய் வாயா, முழுசாக் குடிச்சு முடிக்கணும். உப்புக் கரிக்கும். அதுல எலுமிச்சை வாசனை வேற போட்டுத் தொலைச்சிருப்பான். குடிக்க ஆரம்பிச்சா பாத்ரூமுக்கும் பெட்டுக்கும் நடந்து நடந்தே...

தங்கை: ...

அண்ணன்: வாலு.

தங்கை: என்ன?

அண்ணன்: அந்தப் பாட்டிலை இப்படிக் கொடு.

தங்கை: எச்சில் பண்ணிட்டேன்.

அண்ணன்: குடிக்கலை. மோந்து பார்க்கிறேன். கொடு... அட... இது அதேதான்.

தங்கை: உனக்கு மூக்கு மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது.

அண்ணன்: எப்ப?

தங்கை: நாளைக்குக் காலையில. இதே ஆஸ்பத்திரி, கீழ் மாடி. உன் டாக்டரேதான்.

அண்ணன்: யார் சொன்னா உனக்கு? அண்ணியா?

தங்கை: பாவம், அவங்களை இழுக்காத. அவங்களுக்கே தெரியாது. உனக்கு மூணுன்னு கேட்ட அன்னைக்கு ராத்திரி எனக்கு அந்த ரொட்டிதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் அத்தையோட சேலை. கூட்டிப் பார்க்கத் தெரியாதா எனக்கு? நானே போய் டாக்டரைப் பார்த்தேன். நீ இப்ப கேட்ட அத்தனையும் அவர் அப்பவே கேட்டுட்டாரு. அதான் ஒப்பிச்சேன். "உங்க அண்ணன் சொல்லி அனுப்பினாரா"ன்னாரு. "இன்னும் இல்ல, வாய் வரைக்கும் வந்திருக்கு. நான் வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்"னேன்.

அண்ணன்: அப்ப ஏன்டி இத்தனை நாள் வாயைத் திறக்கலை? நான் தினமும் செத்துப் பொழைச்சிட்டிருக்கேன், இதை எப்படிச் சொல்லப் போறேன்னு.

தங்கை: நீ அவ்வளவு சந்தோஷமாப் பேசிட்டிருந்தே. தொட்டி, குமிழி, மீசைக்காரர்னு... சொல்லிட்டா நீயும் ஒரு நோயாளி, நானும் ஒரு நோயாளின்னு ஆயிடுவோம். சொல்லாத வரைக்கும் ரெண்டு பேரும் கடையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன்: அப்பா மேல... கோவம் இல்லையே?

தங்கை: இந்த எத்துப் பல்லைக் கொடுத்தாரு, இந்த முறக் காதைக் கொடுத்தாரு. அப்பல்லாம் கோவப்படலை, இப்ப மட்டும் படுவேனா? முடியாமக் கொடுத்தாரோ, மனசாரக் கொடுத்தாரோ... பெரிய துண்டு எனக்குத்தானே வந்துச்சு.

அண்ணன்: உனக்குப் பயமா இல்லையா?

தங்கை: பயமா இருக்கு அண்ணா. ரொம்பப் பயமா இருக்கு. வீட்டுல தனியா உட்கார்ந்து ஒரு வாய்கூட உள்ள இறங்கலை, அதான் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு உன்கிட்ட ஓடி வந்தேன். இன்னும் பாதி இருக்கு. நீ நிறுத்தாம அந்தத் தபால்காரர் கதையை முதல்லேர்ந்து சொல்லு, நான் குடிச்சு முடிச்சிடறேன்.